பெயர் மறவாத பள்ளத்தாக்கு

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் சுற்றுலா வண்டிகளுக்குக் குறைவே இல்லை. அநேகமாக எல்லாமே தேக்கடிப் படகுத்துறையை நோக்கி விரைபவை. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்ப்பலகைகள் சன்னலோரம் வந்து வந்து மறையும். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. இறங்கியவர்களுக்கு விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் துணைக்கு வாய்த்தால், அந்த ஒரு நாள் நடையில் அவர்கள் தமிழ்நாட்டு வரலாற்றின் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

பெருநகரங்களில் இப்படி அழைத்துப் போகிறவர்கள் கோட்டையைக் காட்டுவார்கள், அரண்மனையைக் காட்டுவார்கள். மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அணைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி அண்ணாந்து பார்க்க வைக்கும் கட்டடங்கள் அதிகம் இல்லை. இங்கே பார்க்க வேண்டியவை பெயர்கள். கல்லிலும் செப்பேட்டிலும் பாறையிலும் டீக்கடைச் சுவரிலும் எழுதிவைத்த பெயர்கள். ஒரு மனிதன் மறக்கப்படக் கூடாது என்று இந்த மண் எத்தனை விதமாக முயன்றிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போவதுதான் இந்த நடையின் சுவை.

முதலில், சாலையை விட்டுச் சற்று விலகி, ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரம் இருக்கும் புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான ஆய்வுக் குழு இங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கணிக்கப்படும் இவை, இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவற்றுள் அடங்கும். அவற்றில் ஒரு கல் கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், உயிர்விட்ட ஒருவனுக்காக நட்டது. பேடு தீயன் அந்தவன் என்று அவனைச் சொல்கிறது.

அந்தக் கல்லில் எது இல்லை என்று பாருங்கள். பிற்கால நடுகற்களில் வில்லும் அம்புமாக வீரனைச் செதுக்குவார்கள். இதில் உருவம் இல்லை. அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, தெய்வ வாழ்த்து இல்லை. ஊர், நிகழ்ச்சி, ஆள், கல். அவ்வளவே. வாசகத்தில் வினைச்சொல்கூடக் கிடையாது. ‘மாண்டான்’ என்றோ ‘பட்டான்’ என்றோ எழுத அவர்கள் கை போகவில்லை. கல் நின்றாலே இறப்பு சொல்லியாயிற்று என்ற தெளிவு அது. புலவர் ஒருவர் எவ்வளவு முயன்றாலும் இதைவிடச் சுருக்கி ஒரு கையறுநிலையைச் சொல்லிவிட முடியாது. கல்லில் வரும் கூடலூர், இதே பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் இன்றும் இருக்கும் கூடலூராக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. இந்த நடை முடியப்போவதும் அந்தப் பக்கம்தான்.

அங்கிருந்து சின்னமனூர். மேகமலைக்கு ஏறும் வழி இங்கே பிரிவதால் பலரும் டீ குடிக்க மட்டும் நிற்கும் ஊர். பாண்டியர் வரலாறு படித்தவர்களுக்கோ இந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரத் தோன்றும். சின்னமனூர்ச் செப்பேடுகள் இல்லாவிட்டால் முற்காலப் பாண்டியர் வரிசையில் பல பெயர்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அவற்றுள் பெரிய செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ராஜசிம்ம பாண்டியனுடையது. வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள்.

நடுகல்லைப் பார்த்த கண்ணோடு இதற்கு வந்தால் வேற்றுமை சட்டென்று புலப்படும். அங்கே வினைச்சொல்லுக்கும் இடமில்லை. இங்கே குலப்பெருமை ஏடு ஏடாக விரிகிறது. சந்திர குலத்தில் தொடங்கி, அகத்தியரைத் தொட்டு, முன்னோர் செய்தவற்றை அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த அடுக்கின் நடுவே, பாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் செய்த காரியங்களாகச் சேர்த்திருக்கிறார்கள். போர் வெற்றிகளைச் சொல்லும் அதே மூச்சில், அதே பெருமிதத்தோடு, மொழிக்குச் செய்த தொண்டைச் சொல்கிறார்கள். ஒரு நூலைத் தமிழாக்கியதும் ஒரு படையை வென்றதும் சமம் என்று கருதிய மனம் அதில் தெரிகிறது. இத்தனையும் எதற்காக? அடிப்படையில் அது ஒரு நிலக்கொடைப் பத்திரம்.

இந்த ராஜசிம்மன் பிறகு முதலாம் பராந்தக சோழனிடம் மதுரையை இழந்தான். இலங்கைக்குப் போய், பாண்டியர் மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். முடி கைமாறியது, நாடு கைமாறியது. சின்னமனூர்ச் செம்பில் வெட்டிய பெயர் மட்டும் வெட்டியபடியே இருக்கிறது.

உத்தமபாளையத்தில் எழுத்து மறுபடி பாறைக்கு வருகிறது. கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறைமுகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சில அமர்ந்தவை, சில நின்றவை. தலைக்கு மேல் நாகம் படமெடுத்தால் அது பார்சுவநாதர் என்று கண்டுகொள்ளலாம். மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி முனிவரின் பெயர் இங்கும் உண்டு. சிற்பங்களின் அடியில் பொடி வட்டெழுத்துகளில் எழுதியிருப்பது தீர்த்தங்கரரின் பெயரன்று. அந்த உருவத்தைச் செய்வித்தவரின் பெயர்.

இதைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். நேர்வெயிலில் பாறையும் எழுத்தும் ஒரே நிறமாகிவிடும். ஒளி பக்கவாட்டில் படும்போது கோட்டின் ஒரு கரை இருண்டு மறு கரை மின்னும். வட்டெழுத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கோணமே இல்லாத அந்த எழுத்தை இவ்வளவு கடினமான கல்லில் வளைத்து வளைத்து வெட்டியவரின் மணிக்கட்டு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. சமணம் இங்கே வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் உருவங்கள் பாறையில் இருக்கின்றன. பக்கத்திலேயே கருப்பணசாமிக்குப் பூசை நடக்கிறது. ஒரு தெய்வம் வந்ததற்காக இன்னொன்றைச் சிதைக்க வேண்டியதில்லை என்று இந்த ஊர் யாரிடமும் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல.

கம்பத்தை நெருங்கும்போது சாலையின் இரு மருங்கும் திராட்சைப் பந்தல்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த இரகம் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பன்னீர் திராட்சை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயருக்கே புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்குள் குனிந்து போனால் வெயில் பச்சையாகிவிடும். கருநீலக் குலைகள் தலைக்குமேல் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு படர்ந்திருக்கும். விரல் பட்ட இடம் மட்டும் பளபளவென்று கறுத்துப்போகும். அந்தப் பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்தே குலையை அறுக்கிறார்கள். வாயில் போட்டால் முதலில் பன்னீர் மணம், பிறகு இனிப்பு, கடைசியில் விதையைக் கடிக்கும்போது இலேசான துவர்ப்பு.

கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம். மதுரையை எரித்த பின் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கு நோக்கி நடந்து பதினான்காம் நாள் மலையேறியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நாம் வந்த திசையும் அதுவே. 1963இல் புலவர் சி. கோவிந்தராசனார் இந்தக் கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் மக்களுக்கு வழி திறக்கிறது. பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஏறுகிறார்கள். இடம் யாருடையது என்ற வழக்கு தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே நெடுநாளாக இருந்தாலும், அன்று தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்தே ஏற்பாடு செய்கின்றன. சிதைந்து கிடக்கும் அந்தக் கற்றளியில் தமிழரும் மலையாளிகளும் ஒரே பெண்ணை வணங்கிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்குகிறார்கள்.

மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். இதுவரை பார்த்த ஊர்களுக்கெல்லாம் சோறு போடும் தண்ணீர் இங்கேதான் இறங்குகிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்ட வேலை அது. 1887இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை, வெள்ளத்தில் கட்டுமானம் அடித்துப் போவதும் மறுபடி கட்டுவதுமாக வளர்ந்து, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறக்கப்பட்டது. கட்டியபோது சிமெண்டுக்கு இடமில்லை, சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் கலவைதான் கல்லைப் பிடித்து வைத்தது. ஜூன் மாதம் அணையில் நீர் போதிய அளவு இருந்தால் தேக்கடி தலைமதகில் பூசை போட்டு, மலர் தூவி, முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பியது. சுரங்க நீர் சீறி விழும் ஓரிடத்துக்கு மக்கள் வைத்த பெயர் இரைச்சல் பாலம்.

அணை கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841 சனவரி 15இல் புனேயில் பிறந்தவர். பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால், லோயர் கேம்பில் 2013இல் திறந்த அவரது மணிமண்டபத்தின் முன் உழவர்கள் பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த அந்த வெள்ளைக்காரர் படம் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். பணம் போதாமல் மனைவியின் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதை வீடுதோறும் உண்டு. நேர்மையான வழிகாட்டி அதை ஆவணம் என்று சொல்ல மாட்டார். மக்களின் நன்றி தானே கட்டிக்கொண்ட காவியம் என்று சொல்லிக் காட்டுவார். வெள்ளை ஆட்சியை எதிர்த்த அதே ஊர்கள் ஒரு வெள்ளைக்காரரைக் குலசாமி வரிசையில் வைத்திருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. தண்ணீர் தந்தவரை மறப்பது இங்கே பாவக் கணக்கில் சேரும்.

இந்த இடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த அணைக்காகக் காட்டிலே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியான தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஏழை எளியவர்கள். மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டு, தீர்த்தங்கரரைச் செய்வித்தவர் பெயரைப் பாறையில் வெட்டி, பொறியாளர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிய பள்ளத்தாக்கு இவர்களுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறது. ‘எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் அணை வேலைக்குப் போனவர்’ என்று சொல்லும் குடும்பங்கள் இந்த ஊர்களில் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுத்து, வீடு வீடாகக் கேட்டு எழுதச் செய்யலாம். கிடைக்கிற பெயர்கள் பத்தே ஆனாலும் சரி, லோயர் கேம்புக்கு வருகிறவர்கள் அவற்றையும் நின்று படிக்கட்டும்.