‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’: புகழும் அதன் பொருளடிப்படையும்

ஜோர்ஜ் றொமேரோவின் ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’ 1968 ஒக்டோபரில் பிற்ஸ்பேர்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. விளம்பரப் படங்கள் எடுத்துப் பழகிய ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவில் கறுப்பு வெள்ளையில் ஆக்கிய படம் அது. மலிவான பயங்கரப் படமெனப் பலரால் ஒதுக்கப்பட்ட இவ்வாக்கம் 1999இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இந்நிலையை அது எய்தியவாறு யாது?

படம் நிறவெறியைச் சாடியது என்பதே முற்போக்கு விமர்சகர் பலர் தரும் விடை. தலைமைப் பாத்திரமான பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பும் பென்னை, காலையில் வரும் வெள்ளையர் வேட்டைக்குழு பிணமெனக் கருதிச் சுட்டு வீழ்த்துகிறது. ஆயின், அப்பாத்திரம் கறுப்பினத்தவருக்கென எழுதப்பட்டதன்று. நடிப்புத் தேர்வில் ஜோன்ஸே சிறந்து நின்றார் என்பது றொமேரோவின் கூற்று. படப்பிடிப்புத் தொடங்கியதோ 1967இல். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டது 1968 ஏப்ரலில். ஆசிரியனின் உள்நோக்கத்தைத் துருவும் விமர்சனம் இவ்விடத்தில் வழிதவறுகிறது. கலைஞன் கருதாததையும் அவனது சமுதாயம் படைப்பினுள் எழுதிவிடும்.

இறுதிக் காட்சியை நோக்குக. அசையும் படம் நின்று, பத்திரிகைப் புகைப்படம் போலச் சொரசொரத்த நிழற்படங்கள் தொடர்கின்றன: கொக்கிகள் ஏந்திய ஆடவர், தரையிற் கிடக்கும் பென், விறகு அடுக்கு. லிஞ்சிங் எனப்படும் கும்பற்கொலைகளின் புகைப்படங்களை அறிந்த சமுதாயம் இவற்றை வெறுங் கற்பனையாகக் காணவியலாது.

படத்தின் இன்னொரு நுட்பம் போதிய கவனம் பெறவில்லை. நிலவறையே பாதுகாப்பானது என்கிறான் அற்பப் பிடிவாதக்காரனான கூப்பர். பென் அதனை மறுக்கிறான். ஈற்றில் அதே நிலவறைதான் பென்னைக் காக்கிறது. நாயகனைச் சரியென நிறுவும் வணிகப்படச் சூத்திரம் இங்கே தகர்கிறது. அதேவேளை, கூட்டுச் செயற்பாடு என்பதைப் படம் வேட்டைக்குழுவாக மட்டுமே கற்பனை செய்கிறது. இதனைக் குறையென்றே கொள்ளல் வேண்டும். பார்பராவைப் பெரும்பகுதியும் பேச்சிழந்தவளாக இருத்தியதும் அத்தகையதே.

புகழுக்கு ஒரு பொருளடிப்படையும் உண்டு. விநியோக நிறுவனம் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்புடன் இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டது. அக்காலச் சட்டப்படி குறிப்பின்றேல் உரிமையுமில்லை. எனவே படம் பொதுச்சொத்தாயிற்று. நள்ளிரவுக் காட்சியாளரும் தொலைக்காட்சி நிலையங்களும் பின்னர் வீடியோ வணிகரும் கட்டணமின்றி அதனைப் பரப்பினர். படைத்தோர் வருவாய் இழந்தனர். படமோ எங்கும் சென்றது. 1990இல் றொமேரோவின் திரைக்கதையுடன் வண்ணத்தில் மீளெடுக்கப்பட்ட படம் பார்பராவைப் போராளியாக்கித் தவறொன்றைத் திருத்தியது. உரிமையும் செவ்வனே பேணப்பட்டது. எனினும் பழைய படத்துக்குரிய மதிப்பை அது எட்டவில்லை.