தொழிற்கல்வி வகுப்பில் எழுத்துத்திறன்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ் மாணவர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தொழிற்கல்வியில் மொழியின் இடம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. பயிற்றுமொழி எதுவாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கலைச்சொற்களை எவ்வாறு ஆக்குவது என்பது மற்றொன்று. மாணவர் தாம் கற்கும் தொழிலைப் பற்றி எதை எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார், அவ்வெழுத்து என்ன பயன் விளைவிக்கிறது என்னும் மூன்றாவது வினா உரிய கவனத்தைப் பெறவில்லை. இம்மூன்றாவது வினாவைக் கேரளத்தின் எல்லைப் பகுதித் தமிழ் மாணவர்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குள்ள குறை கலைச்சொற் குறையன்று, தொடர்க் குறையே என்பது இதன் துணிபு.

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்கள், உடும்பன்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்கள், சித்தூர் வட்டத்து வயல்கள், கஞ்சிக்கோடு, வாளையாறு தொழிற்சாலைகள் ஆகியவற்றைச் சார்ந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே இப்பகுதித் தொழிற்கல்வி வகுப்புகளில் அமரும் தமிழ் மாணவர்கள்.

2. எழுத்து நின்றுபோகும் இடம்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. பத்தாம் வகுப்புவரை தமிழில் கற்றுத் தேறும் வாய்ப்பும் உள்ளது. அதன்பின் நேர்வதே ஆராயத்தக்கது. கேரளத்தில் 1983-84இல் தொடங்கப்பட்ட தொழிற்கல்வி மேனிலைப் பாடத்திட்டத்தில் மொழிப்பாடமாக ஆங்கிலம் மட்டுமே இடம்பெற்றது. பொது மேனிலைக் கல்வியில் உள்ள இரண்டாம் மொழி இங்கு இல்லை. 2018க்குப்பின் இத்திட்டம் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்திற்கு ஏற்பப் படிப்படியாக மாற்றியமைக்கப்பட்டபோதும் தாய்மொழிக்கு இடம் கிட்டவில்லை. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களின் நிலையும் இதுவே. அங்கு 2012இல் புகுத்தப்பட்ட வேலைவாய்ப்புத் திறன் பாடம் ஆங்கில எழுத்தறிவையும் தகவல்தொடர்பையும் உள்ளடக்கியது; தாய்மொழியில் எழுதும் பயிற்சி அதில் இல்லை. தொழிற்கோட்பாட்டுத் தேர்வோ இன்று கணினிவழித் தெரிவு வினாக்களால் நடைபெறுகிறது. விடையைத் தெரிந்தெடுக்கும் மாணவர் ஒரு தொடரையேனும் எழுதவேண்டிய தேவை அதில் இல்லை.

ஆகவே, தமிழ்வழி மாணவர் ஒருவர் ஏறத்தாழப் பதினைந்து வயதில் தமிழில் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். அதுவரை அவர் எழுதியவை கடிதம், கட்டுரை, பொருள்கூறல் ஆகியன. எழுதுவதற்குரிய சொந்தப் பொருள், அதாவது செய்து அறிந்த தொழில், கைக்கு வரும் வேளையில் எழுதும் மொழி பறிபோகிறது. மலையாள மாணவருக்கும் வகுப்பறையில் இதே இழப்பு நேர்கிறதாயினும், வேலையிடத்துப் பதிவேடும் அலுவலக அறிவிப்பும் செய்தித்தாளும் அவர்தம் மொழியிலேயே இருத்தலால் இழப்பின் ஒரு பகுதி வெளியில் ஈடுசெய்யப்படுகிறது. தமிழ் மாணவருக்கு அவ்வாய்ப்பு குறைவு.

3. கலைச்சொல்லும் தொடரும்

தொழிற்கல்வித் தமிழுக்காகச் செய்யப்பட்ட உழைப்பின் பெரும்பகுதி பெயர்ச்சொற்களுக்கே சென்றுள்ளது. அவ்வுழைப்பு தேவையானதே. ஆயினும், கலைச்சொல் தமிழாக இருந்தால் பனுவலும் தமிழாகிவிடும் என்ற எண்ணம் பிழையானது. இதற்கென அமைத்துக்கொண்ட இரு தொடர்களை ஒப்பிட்டு நோக்கலாம்.

(1) மின்மாற்றியின் எண்ணெய் அளவானது முறையாகப் பரிசோதிக்கப்படுதல் வேண்டும்.

(2) டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். நீயாக எண்ணெய் ஊற்றாதே.

முதல் தொடரில் சொற்கள் தூயன. ஆனால் யார் பரிசோதிப்பது, எப்போது பரிசோதிப்பது, அளவு குறைந்திருந்தால் என்ன செய்வது என்பன அதில் இல்லை. இரண்டாம் தொடரில் கடன்சொல் உண்டு. எனினும் நிபந்தனை, செயல், செய்பவர், விலக்கு ஆகிய நான்கும் தமிழின் இயல்பான உருபுகளால் தெளிவாக உணர்த்தப்படுகின்றன. பயிலும் மாணவருக்கு எழுதப் பழக்கவேண்டியது இரண்டாவதையே. முதலாவதை மதிப்பெண் பெறும் நடையாகவும் இரண்டாவதைப் பேச்சு நடையாகவும் வகுப்பறை பிரித்துவைப்பதால் மாணவர் தமக்குத் தெரிந்ததை எழுத அஞ்சுகிறார்.

தொழிற்கல்வியைத் தமிழில் நடத்திய முன்னோடிகள் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் அவருடைய மாணவர்களும் ஈடுபட்டனர். அவர் வெளியிட்ட வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’ என்பது குறிப்பிடத்தக்கது. கடன்சொல்லை ஏற்றுக்கொண்டு பொருளைத் தமிழ்த் தொடரில் விளக்குவது அங்குப் பின்பற்றப்பட்ட வழிகளுள் ஒன்று. கற்றவரே எழுதவும் செய்தனர் என்பதே அம்முயற்சியிலிருந்து இன்றைய வகுப்பறை பெறவேண்டிய பாடம்.

4. செய்முறைப் பனுவலும் வினையெச்சமும்

தொழிற்பயிற்சி மாணவர்க்கான நூல்களை ஆக்கும் பொறுப்பு, செருமனியின் உதவியுடன் 1986இல் சென்னையில் நிறுவப்பட்ட பயிற்றுக்கருவி நிறுவனத்திற்கு உரியது. அதன் நூல்கள் தமிழிலும் மலையாளத்திலும் வந்துள்ளன. பயிற்சியின் நோக்கங்களை முதலில் கூறிப் பின்னர்ச் செய்முறையைப் படிப்படியாகத் தருவது இந்நூல்களின் அமைப்பு. கற்பித்தல் நோக்கில் இது தெளிவானதே. எனினும், படிக்கு ஒரு தொடர் எனத் துண்டாக்கும் ஆங்கில அமைப்பைத் தமிழில் அவ்வாறே இறக்கும்போது படிகளுக்கு இடையிலுள்ள உறவு மறைந்துவிடுகிறது. அவ்வுறவைக் காட்டுவதற்குத் தமிழில் உள்ள முதன்மையான கருவி எச்சங்களே. தேயிலை உருட்டும் இயந்திரத்தைத் துடைப்பது பற்றிய பின்வரும் தொடர்கள் இதனை விளக்கும்.

(3) இயந்திரத்தை நிறுத்து. தட்டைத் துடை.

(4) இயந்திரத்தை நிறுத்தித் தட்டைத் துடை.

(5) இயந்திரம் முழுவதும் நின்ற பின்னரே தட்டைத் துடை.

(3) இரு செயல்களை அடுத்தடுத்து வைக்கிறது. (4) முன்பின் உறவைக் காட்டுகிறது. ஆனால் இரண்டும் பாதுகாப்பானவை அல்ல. செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆதலால் (4)இல் ‘நிறுத்தி’ என்பது தொழிலாளியின் செயலை மட்டுமே குறிக்கும். விசையை அணைத்ததும் அவர் கடமை முடிந்துவிடுகிறது. உருளையோ மேலும் சில நொடிகள் சுழலக்கூடும். இயந்திரம் நிற்பது இயந்திரத்தின் வினை. அதற்குத் தனி எழுவாயும் ‘நின்ற பின்னரே’ என்னும் எச்சமும் தேவை. இந்த இலக்கண வேறுபாட்டில் ஒருவரது விரல்கள் அடங்கியுள்ளன. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் எச்சத்தைக் கண்டுபிடித்து அடிக்கோடிடப் பழகிய மாணவர், அவ்வெச்சத்தைக் கொண்டு செய்யத்தக்க மிகப் பயனுள்ள காரியத்தை எவ்விடத்தும் கற்பதில்லை.

விளக்கப் பனுவலுக்கும் இது பொருந்தும். ஏலக்காயை உலர்த்தும்போது ஏறத்தாழ 80 விழுக்காடாக உள்ள ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காடு வரை குறைக்கப்படுகிறது. வெப்பம் மிகுந்தால் காயின் பசுமை கெடும், காய் வெடிக்கவும் கூடும். தோட்டத்தில் வளர்ந்த மாணவர் இதனைப் பேச்சில் எளிதாகக் கூறுவார். எழுதச் சொன்னால் ‘உலர்த்துதல், தரம் பிரித்தல், சாக்கில் இடுதல்’ எனத் தொழிற்பெயர்ப் பட்டியல் தருவார். ‘ஆல்’, ‘வரை’, ‘ஆதலால்’, ‘இல்லையேல்’ ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை; காரண அறிவும் அவற்றுடனேயே விடுபட்டுவிடுகிறது.

5. நின்றது, நிறுத்தினேன், நிறுத்தப்பட்டது

வேலையிடத்தில் எழுதப்படும் பனுவல்களுள் பணிமுறைப் பதிவும் விபத்து அறிவிப்பும் முதன்மையானவை. இவற்றில் வினைமுற்றின் வடிவமே பொறுப்பைத் தீர்மானிக்கிறது. ‘இயந்திரம் நின்றது’ என்றால் பழுது இயந்திரத்தினுடையது. ‘இயந்திரத்தை நிறுத்தினேன்’ என்றால் செயல் எழுதுபவருடையது. ‘இயந்திரம் நிறுத்தப்பட்டது’ என்றால் யாரோ நிறுத்தினார். யாரென்பது மறைக்கப்பட்டது அல்லது எழுதுபவருக்குத் தெரியாது. அறிவியல் நடை என்ற பெயரில் செயப்பாட்டு வினையை மட்டுமே மாணவர் கற்றுக்கொள்வாராயின், தம் பொறுப்பையும் பிறர் பொறுப்பையும் பிரித்து எழுதும் ஆற்றலை இழப்பார்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விபத்து பற்றிய அறிவிப்பில் காயமுற்றவரின் பெயர், முகவரி, விபத்து நேர்ந்த நாள் ஆகியவற்றுடன் காயத்தின் காரணத்தையும் சாதாரண மொழியில் கூறவேண்டும் என விதித்தது. சட்டம் கேட்டது கலைச்சொல்லை அன்று, சாதாரண மொழியை என்பது மொழியியலார் கருதத்தக்க செய்தி. ஆனால் காரணத்தைச் சாதாரண மொழியில் எழுதுவது எளிய செயலன்று. பழகிப் பெறவேண்டிய திறன் அது. எல்லைப் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் நோக்கில், இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இத்தகைய நான்கு தொடர்களைச் சார்ந்திருக்கக்கூடும்.

1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டினும் பிறரும் வளர்த்த பனுவல்வகைக் கற்பித்தல் இவ்விடத்துத் துணைபுரியும். செய்முறை, நிகழ்வுரை, விளக்கம், அறிக்கை ஆகிய ஒவ்வொரு வகைக்கும் தனித்த நோக்கமும் உறுப்புகளும் மொழிக்கூறுகளும் உண்டு. அவற்றை மாணவருக்கு வெளிப்படையாகக் கற்பிக்கவேண்டும். தாமாகவே கண்டுகொள்வர் என விடுவது வசதியற்ற பிள்ளைகளுக்கே பாதகமாகும் என்பது அவர்கள் கொள்கை. தமிழில் இவ்வகைகளின் மொழிக்கூறுகளை விரிவாக விவரிக்கும் பணி இன்னும் செய்யப்படவேண்டியதாகவே உள்ளது.

6. இருமொழிச் சூழல்

எல்லைப் பகுதி மாணவர் மலையாளத்தையும் அறிந்தவர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. இதனைத் தமிழுக்கு இடையூறு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. வேலையிடத்தில் இரு மொழிகளும் தேவை. இரண்டின் அமைப்பு வேறுபாட்டை மாணவர் உணர்ந்து எழுதுகிறாரா என்பதே வினா.

மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது. அம்மொழியில் ‘நிர்த்தி’ என்பது நிறைவுற்ற தொடரின் பயனிலையாக வரும். நிறுத்தியவர் யார் என்பதை அவ்வடிவம் கூறாது. தமிழில் ‘நிறுத்தி’ என்பது எச்சமே. அத்துடன் தொடர் முடியாது. மலையாளப் பதிவேட்டைப் பார்த்துத் தமிழில் எழுதும் மாணவர் எச்சத்தில் தொடரை முடித்தால், தமிழ் படிப்பவர் ‘நிறுத்திப் பிறகு என்ன செய்தார்?’ எனக் காத்திருப்பார். சொற்பொருளிலும் இடறல்கள் உண்டு. மலையாளத்தில் ‘வெள்ளம்’ நீர், தமிழில் பெருக்கு. மலையாளத்தில் ‘அவசரம்’ வாய்ப்பு, தமிழில் விரைவு. மலையாளத்தில் ‘யோகம்’ கூட்டத்தையும் குறிக்கும், தமிழில் நற்பேறு. கொதிகலன் பதிவில் ‘வெள்ளம் குறைவு’ என எழுதுவதன் பொருளை எல்லைக்கு அப்பால் தேனியிலோ பொள்ளாச்சியிலோ உள்ளவர் உடனே உணரமாட்டார். இத்தகைய இணைகளைப் பிழைப்பட்டியலாகத் தராமல் ஒப்பீட்டுப் பயிற்சியாகத் தந்தால் மாணவர் இரு மொழிகளிலும் தெளிவு பெறுவர்.

தமிழில் எழுதினால் யார் படிப்பார் என்ற வினாவும் எழுப்பப்படுவதுண்டு. குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் தொடர்புகொள்ள இடமளித்தது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனைப் பயன்படுத்தும் எழுத்துத்திறன் எப்பாடத்திட்டத்திலும் இல்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தொழிற்கல்வி மேனிலை மாணவர் பணியிடப் பயிற்சியின்போது எழுதும் குறிப்பேட்டில் வாரம் ஒரு பக்கமேனும் தாய்மொழியில் எழுத இடமளிக்கலாம். புதிய பாடவேளையோ நூலோ இதற்குத் தேவையில்லை. இரண்டாவதாக, செய்முறை, பணிமுறைப் பதிவு, பழுது அல்லது விபத்து அறிவிப்பு, விண்ணப்பம் ஆகிய நான்கு பனுவல் வகைகளைத் தொழிலாசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து கற்பிக்கவேண்டும். தொழிலாசிரியர் தமிழ் அறியாதவராயின், எழுதியதை மாணவர் வாய்மொழியாக மலையாளத்தில் விளக்க, அவர் பொருளைத் திருத்தலாம். மொழியைத் தமிழாசிரியர் திருத்தலாம். மூன்றாவதாக, கலைச்சொல் அகராதிகளுடன் வினைகளையும் இணைப்புச் சொற்களையும் தரும் சிறு கையேடு ஒன்று வேண்டும். நான்காவதாக, செய்முறை நூலை மொழிபெயர்ப்பவர் மூலத்துடன் ஒப்பிடுவதோடு நில்லாமல், அதனைப் படித்து ஒருவர் வேலையைச் செய்து முடிக்கிறாரா எனச் சோதித்தல் வேண்டும்.

ஆங்கிலமே வேலை தரும் என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், ஒரு செயலின் முன்பின்னையும் காரணத்தையும் பொறுப்பையும் எம்மொழியிலும் எழுதிப் பழகாத மாணவர் ஆங்கிலத்தில் மனப்பாடத் தொடர்களையே எழுத முடியும். முதலில் தெரிந்த மொழியில் எழுதக் கற்பவரே அடுத்த மொழிக்கு அத்திறனைக் கொண்டுசெல்கிறார். தொழிற்கல்வித் தமிழைப் பெயர்ச்சொல்லின் சிக்கலாகக் கண்ட நிலை மாறி, வினையின் சிக்கலாகக் காணும் நிலை வருமாயின், மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வகுப்பறைகளுக்குச் செய்யத்தக்கது மிகுதியாக உள்ளது.