சல்லியும் காசும்: மரபுத்தொடர் பயிற்றல் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர் பொருட்டு மரபுத்தொடர்ப் பட்டியல்கள் பல வழங்குகின்றன. அவற்றுள் பணத்தைக் குறிக்கும் தொடர்களுக்குச் சொல்லுக்குச் சொல் தமிழ் எழுதும் முறை பொருளைச் சிதைக்கின்றது என்பதே ஈண்டு நாட்டப் புகுந்தது.

ஆங்கிலேயர் பணத்தை ‘டோ’ என்பர். ‘பிரெட்’ என்றும் கூறுவர். முன்னது பிசைந்த மா, பின்னது பாண். மாவைப் பணமாக்கிய வழக்கு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்தது. சொற்பக் கூலி பெற்றவன் ‘பீநட்ஸ்’ பெற்றதாகக் கூறுவான். இதனைக் ‘கச்சான் கிடைத்தது’ என்று எழுதும் மாணாக்கன் சொல்லை அறிந்தான், தொடரை அறிந்தானல்லன். ‘பேக்கனை வீட்டுக்குக் கொணர்தல்’ என்பதற்குப் பன்றியிறைச்சியைத் தேடுதல் வேண்டா. ‘குடும்பத்துக்கு உழைத்துப் போடுதல்’ என்னும் நம் வழக்கே அதற்கு நேராம். சம்பாதித்தலை உழைத்தல் என்றே கூறும் ஈழத்து வழக்கின் அழகும் அதனால் விளங்கும்.

அன்றாடச் சொல் பணத்தைக் குறித்தல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ‘மாடு’ என்னுஞ் சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் வள்ளுவர் ஆண்டுள்ளார். இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’ என்பதும் கால்நடையைக் குறிக்குஞ் சொல்லினின்றே பிறந்தது. சல்லி என்பது சிறு துண்டு. மிகச் சிறிய செப்புக்காசும் ஆம். ஈழத்துப் பேச்சிலோ பணம் முழுவதும் சல்லியே. சிங்களரும் அவ்வாறே வழங்குவர். திருகோணமலைக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற சல்லி என்னும் ஊரும் உண்டு. ஆயினும் ஒலி ஒன்றாதல் பற்றி ஊர்ப்பெயரையும் காசின் பெயரையும் ஒரு வேரினவாகக் கொள்ளுதல் ஆய்வு நெறியன்று.

இந்நெறி பிறழ்வதற்குத் தக்க சான்று ‘காஷ்’ என்னுஞ் சொல்லாகும். அது தமிழ்க் காசினின்று பிறந்ததெனப் பெருமிதத்தோடு கூறுவர். உண்மை இருகூறானது. கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறித்த ‘காஷ்’ போர்த்துக்கேயர் வாயிலாகக் காசினின்று சென்றதே. கைரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்பதோ பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. மற்று, துட்டு என்பது ஒல்லாந்தரின் ‘டொயிற்’ என்னுஞ் செப்புக்காசின் பெயர். அவ்வொல்லாந்தரே 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியோர். கொடுத்ததும் கொண்டதும் இரண்டுமே நம் மொழியின் வரலாறாம்.

இனி ஒரு வேற்றுமை நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் உணவின் பெயர் நாணயத்துக்கே ஆகின்றது. தமிழிற் சோறு நாணயமாகாது நன்றியாகின்றது. செஞ்சோற்றுக்கடன் என்னுந் தொடரை நோக்குக. பாண் செலவழிந்து தீரும். செஞ்சோற்றுக்கடனோ உயிர் கொடுத்தும் தீர்க்கற்பாலது. இவ்வேற்றுமையைப் பட்டியல்கள் காட்டமாட்டா. ஆசிரியரே காட்டல் வேண்டும்.

‘கையிற் சல்லியில்லை’ என்று வீட்டிற் கூறும் பிள்ளை, அது கொச்சையென நாணி, அயல்மொழித் தொடரை மட்டும் நெட்டுருச் செய்தல் இரங்கத்தக்கது. பிறமொழித் தொடரொன்றைக் கற்பிக்கும்போதெல்லாம், ‘இதனை உன் தாய் எவ்வாறு கூறுவாள்?’ என்று வினவுதல் ஆசிரியர் கடனாகும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணாக்கன் இருமொழியும் ஒருங்கே கற்பான்.