செம்பனை டீசலும் லோரியின் ஓட்டமும்

செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலப்பதால் லோரி ஓடும் தூரம் குறைகிறது என்று சிலர் முறையிடுகின்றனர். இம்மியும் குறையவில்லை என்று வேறு சிலர் மறுக்கின்றனர். மலேசியாவில் வாகன டீசலில் நூற்றுக்கு 10 பங்கு பயோடீசல் கலக்கும் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஆகவே இவ்வழக்கு லோரி முதலாளியின் கணக்கேட்டை மட்டுமன்றி, எண்ணெய் குறைந்தால் பழிக்கு ஆளாகும் ஓட்டுநரின் நற்பெயரையும் தொடுவதாகும். விருப்பு வெறுப்பின்றி ஆராய்வோம்.

மறுப்பவர்க்கு வலுவான சான்றாகத் தோன்றுவது 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வறிக்கை. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஒரே வகையான ஒன்பது பஸ்களை ஒரே தடத்தில் ஈராண்டு ஓட்டினர். ஐந்துக்கு 20 விழுக்காடு பயோடீசல் கலந்த எரிபொருள்; நான்குக்கு வெறும் டீசல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100,000 மைல் ஓடியது. இரு பிரிவும் காலனுக்குச் சராசரி 4.41 மைல் ஓடின. வேறுபாடே இல்லை!

ஆயின் அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது கலப்பு எரிபொருளில் ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவு தெரிந்தது. இரண்டில் எது மெய்? இரண்டும் மெய்யே. சாலையில் ஓட்டுநர் மாறுவார், கூட்டம் மாறும், நிறுத்தங்கள் மாறும். இவற்றின் ஏற்ற இறக்கத்தில் 2 விழுக்காடு மறைந்துபோகும். மறைந்தது என்பது வேறு. இல்லை என்பது வேறு. அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையான வாதமாகாது.

குறைவுக்குக் காரணமும் தெளிவு. பயோடீசலின் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு பிராணவாயு. அது பிறவற்றை எரிக்க உதவுமேயன்றித் தான் எரியாது. எனவே லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் குறைவது 0.8 விழுக்காடு, அதாவது 1,000 லிட்டருக்கு 8 லிட்டர். இது சிறிது, ஆனால் சுழியன்று.

நிற்க. பயோடீசல் வேறு, வடித்த எண்ணெய் வேறு. 2006-இல் மலேசியாவில் அறிமுகமான 'என்வோ டீசல்' செம்பனை எண்ணெயை மாற்றமின்றி 5 விழுக்காடு கலந்தது. பச்சை எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு கெட்டியானது. நுண்துளியாகச் சிதறாமல் கரி படியச் செய்யும். இயந்திரம் செய்வோர் அக்கலப்பை ஏற்கவில்லை. பின்னர் அது கைவிடப்பட்டது. அதன் குறையைப் பயோடீசல் மேல் ஏற்றுதல் முறையன்று.

முறையிடுவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். ஒரு லோரியின் ஓட்டம் பத்து விழுக்காடு குறைந்தால், கலப்பின் வெப்பக் குறைவு அதற்கு விடையாகாது. டயரின் காற்று, அடைபட்ட வடிகட்டி, ஏற்றிய பாரம், நின்றபடி ஓடும் இயந்திரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பழைய தொட்டியின் கசடைப் பயோடீசல் கரைத்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் பார்க்குமுன் ஓட்டுநர்மேல் திருட்டுப் பழி சுமத்துவது அறமாகாது.