தாண்டி வந்தவர்கள் கதை மட்டுமா?

தலித் தன்வரலாறு எது வந்தாலும் விமர்சகர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இத்தனை அவமானத்தையும் தாண்டிப் படித்து மேலே வந்துவிட்டாராம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்ப தாண்ட முடியாத புள்ளை யாரு? மக்கா?

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்தது. மற்ற பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து படிக்க, அந்தச் சிறுவனை மட்டும் பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் கூட்டவிடுகிறார் தலைமையாசிரியர். மூன்றாம் நாள் அப்பா பார்த்துவிட்டு விளக்குமாற்றைப் பிடுங்கி எறிகிறார். எல்லோரும் அந்தக் கோபத்தை மெச்சுகிறார்கள். நான் கேட்பது வேறு: அந்த மூணு நாள் பாடம் என்னாச்சு? அதை யாரு திருப்பி நடத்துனா?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. விளையாட்டில் விழுந்த ஒரு தேங்காய்க்காகத் திருட்டுப் பட்டம் கட்டி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சாதியைச் சொல்லித் திட்டுகிறார் தலைமையாசிரியர். குறுகிப்போன பிள்ளைக்கு அன்னைக்குக் கணக்கு ஏறுமா?

இதெல்லாம் வெறும் உணர்ச்சி என்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பள்ளிப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்ததும் தலித் பையன்கள் போட்ட எண்ணிக்கை 20 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. முடிவுகள் 2006இல் அச்சாயின. அங்கே பிரம்பு இல்லை, வசவு இல்லை. சாதியை வாசித்தது மட்டும்தான். அதுக்கே இப்படின்னா, வருசம் பூரா அடியும் ஏச்சும் வாங்குற புள்ளை என்னத்தப் படிக்கும்?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் பிள்ளை வாங்கிய மார்க்குக்குத்தான் கட்டம் உண்டு, வாங்கிய அடிக்குக் கிடையாது. பள்ளியை விட்டு விரட்டியதற்கு 'இடைநிற்றல்' என்று பேர் வைக்கிறார்கள். என்னமோ புள்ளை தானா நின்னுட்ட மாதிரி.

தன்வரலாறு எழுதியவர்கள் தாண்டி வந்தவர்கள். கூடப் படிச்சு, நாலாவதோட நின்னு, மாடு மேய்க்கப் போனவங்க எழுதலை. வால்மீகியும் பாமாவும் சொல்வது அவர்களுக்கும் சேர்த்துச் சாட்சி. சாட்சியத்தைச் சாதனைக் கதையாக்கி மெச்சும் விமர்சனம், அடித்த வாத்தியாரைத் தப்பவிடுகிறது. அடி வாங்கி நின்றுபோன பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறது.