60,000 ஆணியும் இரண்டு ரோபோவும்

2019 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. 777 விமானத்தின் உடற்கூட்டை ரோபோக்களை வைத்து ஆணி அடித்து இணைக்கும் முறையைப் போயிங் கைவிட்டுவிட்டது. ஆணி பூட்டும் வேலை திரும்பவும் மனிதர் கைக்கே போனது. நண்பர்கள் வட்டத்தில் இதை இரண்டு விதமாகப் பகிர்ந்தார்கள். "பாத்தீங்களா, மனுஷன் கைக்கு ஈடு எதுவுமே இல்ல" என்றது ஒரு கோஷ்டி. "இன்னும் நல்ல ரோபோ வந்தா எல்லாம் சரியாயிடும்" என்றது இன்னொரு கோஷ்டி. நான் அவ்வப்போது படித்துக் குறிப்பெடுத்து வைத்ததைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு கோஷ்டியுமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதலில் வேலை என்னன்னு பார்ப்போம். 777-இன் உடல் அலுமினியத் தகடுகளால் ஆனது. தகட்டைத் தகட்டோடும், உள்ளே இருக்கும் சட்டத்தோடும் சேர்க்கத் துளை போட்டு ரிவெட் அடிக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே இன்னொருவர் கனமான எஃகுக் கட்டை ஒன்றை ரிவெட்டின் வாலில் முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். அடிக்க அடிக்க வால் நசுங்கி, தகடுகள் இறுகும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் தட்டியே பேசிக்கொள்வார்கள்: இன்னும் அடி, போதும், இது சரியில்ல என்று.

இப்படி ஒரு விமானத்துக்குச் சுமார் 60,000. தோளும் மணிக்கட்டும் என்ன ஆகும்? 777 திட்டத்தில் நடக்கும் காயங்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தில்தான் என்று போயிங்கே சொன்னது. 2014-ல் ரோபோ திட்டத்தை அறிவித்தபோது அது ஒரு முக்கியக் காரணமாகவும் காட்டப்பட்டது. நியாயமான காரணம். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

திட்டம் இதுதான். ஜெர்மனியின் குகா நிறுவனத்தின் ரோபோக்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. துளை போடும், ஆணி வைக்கும், அடிக்கும். வரவிருந்த 777எக்ஸ் விமானத்துக்காக, அப்போது தயாரிப்பில் இருந்த 777-லேயே இதைப் பழக்கிப் பார்த்தார்கள். ரோபோ முடிக்காமல் விட்டதை ஆட்கள் முடிக்க வேண்டி வந்தது. வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்திசைவாக இயங்குவதே பெரும்பாடாக இருந்தது.

ஏன் கஷ்டம்? கார் தொழிற்சாலையில் ரோபோ வெல்டு அடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத புதிர். ஒரு சின்னக் கணக்கு போடலாம். தொழிற்சாலை ரோபோ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் கெட்டிக்காரன், 0.1 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கும். ஆனால் "வரைபடத்தில் இருக்கும் இந்தப் புள்ளிக்குப் போ" என்று சொன்னால், வெளியிலிருந்து அளந்து திருத்தாத வரை, 1 மில்லிமீட்டர் வரை தள்ளிப் போகலாம். விமானத் துளைக்கு அனுமதிக்கப்படும் பிசகு பெரும்பாலும் அதில் நாலில் ஒரு பங்குதான். இதில் பொருளும் சும்மா இருக்காது. 777 உடலின் விட்டம் சுமார் 6.2 மீட்டர். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்த விட்டத்தில் அலுமினியம் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் விரியும். மெல்லிய தகடு தன் எடையிலேயே தொய்யும். ரோபோ அழுத்தினால் இன்னும் வளையும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுக்க முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம் இந்த 777-தான். முதன்முதலில் பறந்தது 1994-ல். திரையில் எல்லாப் பாகமும் அச்சு அசலாகப் பொருந்தும். தரையில் அப்படியில்லை. ஒவ்வொரு பாகத்திலும் அனுமதிக்கப்பட்ட சின்னப் பிசகுகள் சேர்ந்து, கடைசியில் ஓர் இடைவெளியாக வந்து நிற்கும். தொழிலாளி அதைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, ஒரு மெல்லிய தகட்டைச் செருகிச் சரிசெய்வார்.

அடுத்தது எண்ணிக்கை. ஆயிரம் ஆணியில் ஒன்றே ஒன்று தப்பானாலும், 60,000-க்கு 60 தப்பு. மென்பொருளில் இரண்டு ப்ராசஸ் ஒத்துப்போகவில்லை என்றால் 'ரீட்ரை' போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அலுமினியத்தில் தப்பாகப் போட்ட துளைக்கு 'அண்டூ' கிடையாது. பெரிதாக்கிப் பெரிய ஆணி போடலாம், அதுவும் ஓர் அளவுக்குத்தான்.

இந்த இடத்தில்தான் என் விமர்சனம் ஆரம்பிக்கிறது. போயிங் செய்தது, இரண்டு ஆள் நின்ற இடத்தில் இரண்டு ரோபோவை நிறுத்தியது. பழைய கோடை வரிக்கு வரி புது மொழியில் மாற்றி எழுதுவது மாதிரி. ஆளின் கை செய்த வேலை ரோபோவுக்குப் போனது. காது செய்த வேலை, தட்டிப் பேசிய பேச்சு, இடைவெளியைக் கண்டுபிடித்த விரல், இவையெல்லாம் எந்த வேலைப் பட்டியலிலும் எழுதப்படாதவை. எழுதப்படாததை யாரும் போர்ட் செய்ய முடியாது.

போயிங் பிறகு போன வழியைப் பாருங்கள். 787-ல் பழகித் தேர்ந்த 'ஃப்ளெக்ஸ் ட்ராக்'. விமான உடலின் மீதே ஒரு தண்டவாளத்தை ஒட்டவைத்து, அதில் ஊர்ந்தபடி இயந்திரம் துளை போடும். ஆணியை மனிதர் பூட்டுவார். உடல் அசைந்தால் தண்டவாளமும் கூடவே அசையும். எங்கோ தரையில் நின்றுகொண்டு குறிபார்க்க வேண்டியதில்லை. மனிதரின் சாயலே இல்லாத கருவி. அதனாலேயே வேலைக்கு ஆனது.

ஏர்பஸ் 2019-ல் ஹாம்பர்க்கில் ஏ320-க்காகத் தொடங்கிய லைனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நீளவாக்கு இணைப்புகளுக்கு இதே மாதிரி தண்டவாளக் கருவிகள். வட்டவாக்கு இணைப்புக்கு 12 ரோபோக்கள், ஒரு விமானத்துக்கு 3,000 ரிவெட். 60,000-த்தையும் ஒரேயடியாக விழுங்கப் பார்க்கவில்லை. தவிர, அந்த ஆண்டு ஏ320 குடும்பத்தில் 642 விமானங்கள் ஒப்படைக்கப்பட்டன, 777-ல் வெறும் 45. தவறு செய்து கற்றுக்கொள்ளவும் எண்ணிக்கை வேண்டும்.

அப்போ "மனுஷன் கைதான் தெய்வம்" கோஷ்டி ஜெயித்ததா? இல்லவே இல்லை. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தொழிற்சாலையில் அதன் அருகே பழுதான ரிவெட்டுகளைச் சரிசெய்யப் பலகையைத் திறந்தார்கள். மூடும்போது நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கான பதிவும் இல்லை. இயந்திரம் ஒவ்வொரு துளையையும் குறித்து வைக்கும். கை அப்படிக் குறித்து வைக்காது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. திட்டத்தை அறிவித்தபோது தொழிலாளியின் தோள் செய்தியில் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டபோது பேச்செல்லாம் ரோபோவைப் பற்றியே இருந்தது. துளை போடுவது இயந்திரத்துக்குப் போனது நிச்சயம் பெரிய நிம்மதி. ஆனால் ஆணி பூட்டும் வேலை இன்னும் கையில்தானே இருக்கிறது? அதிர்வு குறைந்த ரிவெட் துப்பாக்கி இருக்கிறது. எஃகை விட அடர்த்தியான, அதிர்வை அதிகம் வாங்கிக்கொள்ளும் டங்ஸ்டன் கட்டை இருக்கிறது. இவற்றை வாங்கிக் கொடுத்தால் யாரும் வீடியோ எடுத்துப் போட மாட்டார்கள், பத்திரிகையில் படமும் வராது. வலி குறைவதுதான் நோக்கம் என்றால், கணக்கை அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

அடுத்த முறை "முழுத் தானியங்கி விமானத் தொழிற்சாலை" என்று ஒரு செய்தி வந்தால், ரோபோ எத்தனை என்று நான் எண்ணப் போவதில்லை. விமான உடலின் உள்பக்கம் கட்டையைப் பிடித்து நிற்பவர் யார், அவர் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தேடப் போகிறேன்.