சஞ்சிகையின் முகமும் வாசகரின் கண்ணும்

நமது சஞ்சிகைகளைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களுக்கு ஒரு வழமை உண்டு. கதைகளைப் பற்றி ஒரு பந்தி, கவிதைகளைப் பற்றி ஒரு பந்தி, எழுத்துப் பிழைகளைப் பற்றி இரண்டு வரி, இறுதியில் 'அட்டைப்படம் அழகு' என்றொரு பாராட்டு. அந்தக் கதை எந்த அளவு எழுத்தில் அச்சாகியிருந்தது, கவிஞரின் பெயர் எங்கே போடப்பட்டிருந்தது, கட்டுரையின் தொடர்ச்சியைத் தேடி வாசகர் எத்தனை பக்கம் புரட்டினார் என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. பக்க வடிவமைப்பு அச்சகத்தாரின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது ஆசிரியரின் இலக்கியக் கொள்கையோடு சேர்ந்த விடயம் என்பதே எனது கருத்து.

இதனை விளக்கக் கொழும்பின் இரு முனைகளில் நிலைகொண்ட இரண்டு சஞ்சிகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்த மல்லிகை. மற்றது, வெள்ளவத்தையிலிருந்து வந்த ஞானம்.

மல்லிகை 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் பிறந்தது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா பள்ளிப் படிப்பை இடையில் விட்டு முடிதிருத்தும் தொழில் செய்தவர். பிற்காலத்தில் சஞ்சிகையோடு கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2012 வரை நானூறு இதழ்களளவு வெளியிட்டார். 2021 ஜனவரியில் மறைந்தார். வடிவமைப்பு என்று அவர் எங்கும் பாடம் படித்தவரல்லர். ஆயினும் ஒரு சஞ்சிகையின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

தமிழகத்திலிருந்து வந்திறங்கிய ஜனரஞ்சக ஏடுகள் நடிகைகளின் படங்களோடு கடைகளில் தொங்கிய காலம் அது. மல்லிகை தன் அட்டையில் எழுத்தாளரின், கலைஞரின் முகத்தைப் போட்டது. உள்ளே அவரைப் பற்றிய கட்டுரையும் இருக்கும். அக்கட்டுரைகளின் தொகுப்பு 'அட்டைப்பட ஓவியங்கள்' என்ற பெயரில் 1986 இல் நூலாகவும் வந்தது. யாரை நாம் மதிக்கிறோம் என்ற கேள்விக்கு அந்த அட்டையே விடை சொன்னது. கடையில் நின்று பார்ப்பவர் உள்ளே ஒரு வரியும் வாசிக்காமலே சஞ்சிகையின் நிலைப்பாட்டை அறிந்துகொண்டார்.

இரண்டாவது, 'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதி. ஒரு தபாலட்டையில் கேள்வி எழுதத் தெரிந்தவர் எவரும் சஞ்சிகைக்குள் நுழையலாம். மூன்றாவது, பிரதேசச் சிறப்பிதழ்கள். திக்குவல்லைக்கும் நீர்கொழும்புக்கும் மல்லிகை சிறப்பிதழ் வெளியிட்டது. தென்கோடியில் ஒரு முஸ்லிம் கிராமத்து இளைஞன் தன் ஊரின் பெயரை யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை ஒன்றில் கண்டால் அவன் மனதில் என்ன நிகழும் என்பதை நாம் ஊகிக்கலாம். வாசகருக்கு உள்ளே வர வழி வேண்டும், வந்தபின் அமர இடம் வேண்டும். மல்லிகை இரண்டையும் கொடுத்தது.

மல்லிகையின் பக்கங்கள் குறையற்றவை என்று நான் வாதிடவில்லை. பழைய இதழ்களில் தாள் மங்கலானது. படங்களில் முகங்கள் கறுத்துப் போனதும் உண்டு. ஆனால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அக்காலத்தில் ஓர் அச்சகத்தில் இருந்த எழுத்து வகைகளே சில. ஆகவே தலைப்புக்கு ஒன்று, உள்ளடக்கத்துக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு தானாகவே அமைந்தது. வறுமை தந்த ஒழுங்கு எனலாம். இன்று அந்த வறுமை நீங்கியிருக்கிறது. ஒழுங்கும் அதோடு போய்விட்டது.

ஞானம் 2000 ஜூனில் தி. ஞானசேகரனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. முதலில் கண்டியிலிருந்தும் பின்னர் வெள்ளவத்தையிலிருந்தும் வெளிவந்தது. இது கணினி யுகத்துச் சஞ்சிகை. இதன் பலம் நிலையான பகுதிகள். துரை மனோகரனின் 'எழுதத் தூண்டும் எண்ணங்கள்' போன்ற பத்தியை வாசகர் எதிர்பார்த்துத் திறப்பார். பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்றோருடனான நீண்ட நேர்காணல்கள் தொடராக வந்து அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்தன. பழகிய இடத்தில் பழகிய குரல் இருந்தால்தான் புதிய குரலையும் வாசகர் பொறுமையோடு கேட்பார்.

ஞானத்தின் 150 ஆவது இதழ் 2012 நவம்பரில் ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாக ஏறத்தாழ 600 பக்கங்களில் வந்தது. 175 ஆவது இதழ் 2014 டிசெம்பரில் புலம்பெயர் இலக்கியச் சிறப்பிதழாக அதனையும் விஞ்சியது. ஆவணம் என்ற வகையில் இவை பெரும் பணிகள். ஆனால் வடிவமைப்பு என்று பார்க்கையில் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இத்தகைய பேரிதழை எவரும் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசிக்கமாட்டார். பொருளடக்கம், பகுதிப் பிரிப்பு, ஒவ்வொரு பக்கத் தலையிலும் ஆக்கத்தின் பெயர், எழுதியவர் பற்றிய குறிப்பு ஆகியவையே அங்கு வழிகாட்டிகள். மாத இதழுக்குப் போதுமான பக்க அமைப்பு பெருந்தொகுப்புக்குப் போதாது. பெரிய சிறப்பிதழ் வெளியிட ஆசைப்படும் நம்மவர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எம். பௌசரின் 'மூன்றாவது மனிதன்' 1996 இலும், அஷ்ரஃப் சிஹாப்தீனின் கவிதைச் சஞ்சிகையான 'யாத்ரா' 2000 இலும் தொடங்கின. ரிம்ஸா முஹம்மதின் 'பூங்காவனம்' 2010 முதல் காலாண்டிதழாக வந்து, பெண் ஆளுமைகளை அட்டையில் நிறுத்தியது. மல்லிகை காட்டிய வழியில் இது ஒரு முக்கியமான அடி. நம் சமூகத்தில் பெண் எழுத்தாளரின் பெயரே மறைந்து நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

ஆனால் பொதுவாக நமது ஏடுகளில் சில பழக்கங்கள் தொடர்கின்றன. தாளை மிச்சப்படுத்த எழுத்தைச் சிறிதாக்குகிறோம். தமிழ் எழுத்துச் சுழிகளால் ஆனது. 'ஞ', 'ணு', 'ஜூ' போன்றவற்றைக் குறுக்கினால் சுழி அடைபட்டு மையின் புள்ளியாகிவிடும். நாற்பது வயதைக் கடந்த வாசகர் அவ்விடத்தில் சஞ்சிகையை மூடிவைக்கிறார். ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் ஓரம் நேராக்குகிறோம். நமது சொற்களோ நீளமானவை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால் மேல்வரி ஓட்டைப் பல்லாகிறது. கவிதையின் பின்னணியில் நிலவையும் ரோஜாவையும் மினாராவையும் அச்சிடுகிறோம். படத்தின் மீது சொல்லை வாசிக்க முடியாமற் போகிறது. கவிதையில் நிலவு இருந்தால் அதனைக் கவிஞர் காட்டட்டும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கரும்பலகைப் பயிற்சி நடந்தது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வரிகளுக்கிடையே வெளி வேண்டும். நிறச் சோக்கு முக்கியமான சொல்லுக்கு மட்டும். எல்லாவற்றையும் அடிக்கோடிட்டால் எதனையும் அடிக்கோடிடவில்லை. சஞ்சிகைப் பக்கத்துக்கும் இதைவிடப் பெரிய இலக்கணம் தேவையில்லை என்றே எண்ணுகிறேன். எனது கிராமத்துப் பாடசாலையில் வாசிப்புப் பாடவேளைக்குச் சஞ்சிகைகளை மேசையில் பரப்பி வைப்பேன். பத்தாந்தரப் பிள்ளைகள் முதலில் வாசிப்பது பெரும்பாலும் வாசகர் கடிதங்களைத்தான். காரணம் எளிது. சிறியவை, தனித்தனியாக நிற்பவை, கீழே பெயரும் ஊரும் உடையவை. கதைக்கு அப்படியொரு வாசல் அமைத்துக் கொடுத்தால் கதைக்கும் வருவார்கள்.

இன்னொரு விடயம் நமக்கே உரியது, பெயர். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே எழுத்தாளரின் பெயர் ஒரே இதழின் பொருளடக்கத்தில் ஒரு விதமாகவும் உட்பக்கத்தில் வேறு விதமாகவும் வருவதுண்டு. அன்று அது அச்சுப் பிழை மட்டுமே. இன்று அதன் விளைவு பெரிது. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்துச் சஞ்சிகைகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. மல்லிகையும் ஞானமும் அங்கே இருக்கின்றன. பெயரைத் தட்டித் தேடும் ஆய்வு மாணவிக்கு மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று எழுத்தாளர்கள் தென்படுவர். ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுதியது மூன்றாய்ச் சிதறிக் கிடக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளின் கதையும் இதுவே. திரையில் தமிழாகத் தெரிவது கணினியின் கணக்கில் ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் கவிதை குழம்பிவிடும், தேடினால் கிடைக்காது. யுனிகோட் வடிவில் ஒரு பிரதி வைத்திருப்பது ஓர் இலக்கியப் பாதுகாப்பு. கைத்தொலைபேசியில் வாசிப்போர் பெருகிய இந்நாளில், ஒடுங்கிய இரட்டைப் பத்திப் பக்கத்தை விரலால் மேலும் கீழும் இழுத்து வாசிப்பவரின் சிரமத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

'உள்ளடக்கம் நன்றாயிருந்தால் போதும், வெளிப்பூச்சு எதற்கு?' என்பார் சிலர். பூச்சு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. நான் கேட்பது பூச்சைக் குறைப்பதற்குத்தான். வேறு சிலர் செலவைச் சொல்வர். அது நியாயமான தடை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்களே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. கைக்காசில் சஞ்சிகை நடத்துபவரிடம் வெற்றிடம் விடச் சொல்வது இலகுவல்ல. ஆனால் தாள் விலையேறிய காலத்தில்தான் வாசிக்கப்படாத பக்கம் பெரும் வீண்செலவு. பன்னிரண்டு ஆக்கங்களை நெருக்கி அடைப்பதைவிட, ஒன்பதை வாசிக்கத்தக்கதாக இடுவதே சிக்கனம். எஞ்சிய மூன்றையும் அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். நண்பரின் கவிதையை எப்படி ஒத்திவைப்பது என்ற தயக்கமே பல பக்கங்களை நெரிசலாக்குகிறது.

அறிஞர் சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியபோது, வாசிப்புப் பழக்கம் குன்றியிருந்த ஒரு சமூகத்தை வாசகராக்க வேண்டியிருந்தது. அப்பணி இன்னும் முடியவில்லை. இன்றைய பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். எதனை வாசிப்பது என்பதைக் கண்தான் முதலில் தீர்மானிக்கிறது. ஆகவே அடுத்த இதழை அச்சுக்குக் கொடுக்குமுன் ஆசிரியர்கள் ஒரு பக்கத்தைத் தம் ஊரில் ஒரு முதியவரிடமும் ஒரு பத்தாந்தரப் பிள்ளையிடமும் நீட்டிப் பார்க்கட்டும். இருவரும் கண்ணைச் சுருக்காமல் முதற் பந்தியைக் கடந்தால் அந்தப் பக்கம் அச்சேறலாம். விமர்சகர்களும் 'அட்டைப்படம் அழகு' என்பதோடு நிறுத்தாமல், உட்பக்கங்களைப் பற்றியும் ஒரு பந்தி எழுதட்டும்.